செங்கல் தெரிய விடலாமா? சின்ன மாதா கோவில் உட்சுவர் பற்றி ஒரு கேள்வி

முதுநகர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர். சொந்த ஊர் இங்கிருந்து மேற்கே, கெடிலம் ஓரத்தில் ஒரு கிராமம். ஊரில் இருக்கிற மாதா கோவில் ரொம்பச் சின்னது. தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே நாட்டு ஓடு. கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து சுவர் முழுக்க ஊறிப்போனது. அப்போது அவசரத்துக்கு உள்ளே இடுப்பு உயரம் வரை சிமெண்ட் பூசினார்கள். இப்போது அந்தச் சிமெண்டுக்கு மேலே ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. பூசைக்கு வருகிறவர்கள் சுவர் ஓரம் உட்காருவதே இல்லை.

செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு முன்னால் வேலையை முடிப்பதாகப் பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். இதற்கிடையில் எங்கள் இளைஞர் குழுவில் ஒரு படம் சுற்றியது. வேல்ஸ் நாட்டில், மலைச்சரிவில் ஒரு பழைய பங்குக் கோவில். உள்ளே வெறும் கல் சுவர், பீடத்துக்கு முன்னால் மரத்தில் செதுக்கிய உயரமான கிராதி, அவ்வளவுதான். பார்க்கவே மனசு அடங்கிப்போகிறது. நாமும் பூச்சை மொத்தமாக உரித்துச் செங்கல் தெரிய விட்டு, மேலே வார்னிஷ் அடித்து, பீடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு மரக் கிராதி போடலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள், ஆனால் ஏன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நான் நடுவில் இருக்கிறேன்.

இடைக்காலத்தில் அந்த மாதிரிச் சின்னப் பங்குக் கோவில்கள் உள்ளே நிஜமாகவே இப்படித்தான் இருந்தனவா? என்னென்ன சாமான் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடற்கரைச்சாலை:

தாராளமாக உரிக்கலாம். புதுச்சேரி ஒயிட் டவுனில் எத்தனையோ கடைகளில் செங்கல் தெரிய விட்டிருக்கிறார்கள், பிரமாதமாக இருக்கிறது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கிளியர் கோட் இரண்டு கை அடித்தால் போதும். வருஷா வருஷம் வெள்ளை அடிக்கிற செலவும் மிச்சம்.


நீற்றுச்சுண்ணாம்பு:

முதுநகர்த் தம்பி, தயவுசெய்து உரிக்க விடாதீர்கள்.

புதுச்சேரியில் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறவன் நான். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். பெரிய மகள் கார்டிஃபில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மருமகன் காரில் ஊர் ஊராகக் கூட்டிப்போவார். அரண்மனை, கோட்டை எல்லாம் காட்டினார். ஆனால் என் மனசு நின்றது அந்த நாட்டுச் சின்னப் பங்குக் கோவில்களில்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். இடைக்காலத்தில் அப்படி இல்லை. நீங்கள் படத்தில் பார்த்த வெறும் கல் சுவர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் செய்த வேலை. அந்தக் கோவில்களைக் கட்டியவர்கள் காட்டுக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, உள்ளேயும் வெளியேயும் பூசி, வெள்ளை அடித்து, உள்ளே அதன்மேல் படமும் எழுதினார்கள். விக்டோரியா ராணி காலத்தில் திருப்பணி என்று இறங்கியவர்கள், கல் தெரிந்தால்தான் பழமை என்று நினைத்து உளியால் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். அதைப் பொறுக்காமல்தான் 1877இல் வில்லியம் மாரிஸ் என்பவர் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். அதற்குச் ‘சுரண்டாதே சங்கம்’ என்கிற மாதிரிப் பட்டப்பெயரும் விழுந்தது. சங்கம் இன்றைக்கும் இயங்குகிறது.

கொத்திய சுவரா என்று நேரில் பார்த்தால் ஒரு கொத்தனாருக்கு உடனே தெரியும். கதவு, ஜன்னல் ஓரத்துக்கு மட்டும் செதுக்கிய கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லைச் சுவரோடு சமமாக வைக்காமல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் வெளியே தள்ளி வைத்திருப்பார்கள். பூச்சு வந்து முட்டி நிற்பதற்கான இடம் அது. பூச்சை எடுத்துவிட்ட கோவிலில் அந்த விளிம்பு அந்தரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், பக்கத்தில் கோணல்மாணலான கல்லும் சாந்தும் தெரியும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஜன்னல் ஓரத்தைப் பாருங்கள்.

வெளிச்சுவரும் வெள்ளைதான். 12ஆம் நூற்றாண்டில் வடக்கு வேல்ஸில் குவினெத் பகுதியை ஆண்ட கிரிஃபித் அப் கினன் என்ற மன்னரின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் காலத்தில் வானத்தில் நட்சத்திரம் மின்னுவதுபோல குவினெத் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த கோவில்கள் மின்னின என்று அதில் வருகிறது. மேற்குக் கடற்கரையில் மூன்ட் என்ற இடத்தில் ஒரு குட்டிக் கோவில் இன்றும் அப்படி வெள்ளையாக நிற்கிறது. கடல் காற்று நேராக அடிக்கிற இடம். உங்கள் கடலூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் விளக்கமே வேண்டாம்.

உள்ளே எப்படி இருந்தது என்று பார்க்க ஒரே இடம் சொல்லச் சொன்னால், கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் புனித டெய்லோ கோவிலைச் சொல்வேன். பொன்டார்துலைஸ் என்ற ஊருக்கு வெளியே, லக்கர் ஆற்றோரச் சதுப்பில் இருந்த கோவில் அது. கைவிட்டு, கூரை போய், மழை இறங்கி, பழைய வெள்ளை உதிர்ந்தபோது கீழே ஓவியங்கள் வெளியே வந்தன. ஓவியங்களைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்து, கோவிலைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, 1530 வாக்கில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே மறுபடி கட்டி 2007இல் திறந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆன வேலை.

உள்ளே காலை வைத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். காவி, மஞ்சள், கறுப்பு, பச்சை. சுவர் முழுக்கப் புனிதர்கள், ஆண்டவருடைய பாடுகள். ஜன்னலின் உள்சரிவில்கூடக் கொடியும் பூவும். கோடு சில இடத்தில் தடித்து, சில இடத்தில் மெலிந்து, தூரிகை திரும்பிய இடம்கூடத் தெரிகிறது. வாசலுக்கு எதிர்ச்சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரை ஆள் உயரத்துக்கு மேல் எழுதும் வழக்கம் அந்த நாட்டில் இருந்திருக்கிறது. அவரைப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்கு அகால மரணம் இல்லை என்று ஜனங்கள் நம்பினார்கள். வயலுக்குப் போகிறவன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு போய்விடலாம்.

இன்னொரு கோவில், லான்கார்வன். அங்கே 2008இல் பழுதுபார்க்கும் வேலையின்போது சுவர் உச்சியில், வெள்ளை அடுக்கு விட்டுப்போன இடத்தில், மெல்லிசாக ஒரு காவிக்கோடு தெரிந்திருக்கிறது. பார்த்தவர் அதைச் சாதாரணமாக விடவில்லை. வல்லுநர்கள் வந்து சின்னக் கத்தியால் அடுக்கு அடுக்காக வெள்ளையை எடுத்தார்கள். கீழே 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் எழுதிய புனித ஜார்ஜ், குதிரைமேல், பறவைநாகத்தை (டிராகனை) குத்திக்கொண்டு! கோட்டை ஜன்னலில் ராஜாவும் ராணியும் நின்று, அந்த நாகத்துக்கு இரையாக விட்ட மகள் பிழைப்பாளா என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் தலையான பாவங்கள் ஏழும். வாலிபன் ஒருவனைச் சாவு கையைப் பிடித்து இழுத்துப்போகிற படமும் இருக்கிறது. 1540களின் கடைசியில், கத்தோலிக்க வழக்கங்களை ஒழித்த இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்ட் காலத்தில், சுவர்ப்படம் கூடாது என்று உத்தரவு வந்து எல்லாவற்றின்மேலும் வெள்ளை அடித்தார்கள். அந்த வெள்ளைதான் பிறகு அத்தனை காலம் படத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பூச்சோடு கொத்திய கோவில்களில் என்ன இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கடற்கரைச்சாலை நண்பருக்கு: கடை வேறு, கோவில் வேறு என்று சொல்ல வரவில்லை. செங்கல்லைச் சொல்கிறேன். நம் பக்கத்து நாட்டுச் செங்கல் மெல்லிசு, வேக்காடு ஒரே சீராக இருக்காது. பூச்சுக்கு உள்ளே இருக்கட்டும் என்றே சூளை போட்ட கல். உப்புக்காற்றில் வெறுமனே விட்டால் சில வருஷத்தில் விரலால் தேய்த்தாலே மாவாகும். வார்னிஷோ கிளியர் கோட்டோ அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து முகப்பைப் பிளக்கும். இன்றைக்கு உங்கள் சுவரில் சிமெண்டும் அதையேதான் செய்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற இடம் இல்லை, அதனால் மேலே ஏறிப் பூக்கிறது.


முதுநகர்வாசி:

ஐயா, எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஜன்னல் ஓர விஷயத்தைப் படத்தில் பார்த்தேன், அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பையன்களுக்கும் காட்டினேன். ஒருவன் மட்டும் இன்னும் விடவில்லை: “சரி, சுவரை விட்டுவிடலாம், கிராதியாவது போடலாம்” என்கிறான். உள்ளே இருந்த சாமான்கள் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.


நீற்றுச்சுண்ணாம்பு:

சொல்கிறேன் தம்பி. பெஞ்சு வரிசை இருக்காது, முதலில் அதை மனசில் வையுங்கள். ஜனங்கள் நின்றார்கள், முழந்தாளிட்டார்கள். தரை மண்ணாகவோ பலகைக்கல்லாகவோ இருக்கும், மேலே கோரை பரப்புவார்கள். முடியாதவர்களுக்குச் சுவரை ஒட்டிக் கல் திண்ணை. வாசல் பக்கத்தில் தீர்த்தத் தொட்டி, உள்ளே நுழைகிற இடத்திலேயே ஞானஸ்நானத் தொட்டி. கோவிலில் ரொம்பப் பழையது பெரும்பாலும் அந்தத் தொட்டிதான். சுவரை இடித்துக் கட்டினாலும் தொட்டியை மாற்ற மாட்டார்கள். பீடத்துக்குத் தெற்கே, பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, சுவரிலேயே ஒரு குழிமாடம். பீடம் ஒரே கல் பலகை, மேலே ஆண்டவருடைய ஐந்து காயங்களுக்கு ஐந்து சிலுவை வெட்டியிருக்கும்.

பாட்ரிஷோ என்ற கோவிலில் இதில் பலதைச் சேர்த்துப் பார்க்கலாம். பிளாக் மவுண்டன்ஸ் மலையில், கார் ஒன்று எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத பாதையில் போக வேண்டும். கீழே ஓடை ஓரம் புனித இசுயி பெயரில் ஊற்று, மேலே கோவில். ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில், கெனில்லின் காலத்தில் மென்ஹிர் என்னைச் செய்தான் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. கெனில்லின் என்பவர் 11ஆம் நூற்றாண்டுச் சிற்றரசர். கல்தச்சன் பெயர் அரசன் பெயரோடு சேர்ந்து நிற்கிறது, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிராதிக்கு முன்னால் இரண்டு பக்கமும் பழைய கல் பீடங்கள் தப்பி நிற்கின்றன. 1550இல் கல் பீடங்களை எடுத்துவிட்டு மர மேசை போடச் சொல்லி உத்தரவு வந்தது. நாடு முழுக்க உடைத்தார்கள், இந்த மலைக்கு அந்தக் கை எட்டவில்லை போலிருக்கிறது.

மேற்குச் சுவரில் ஓர் எலும்புக்கூடு எழுதியிருக்கிறது, கையில் அரிவாள், மணற்கடிகாரம், மண்வெட்டியோடு. எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் அது திரும்ப வெளியே வந்துவிடும் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். சுண்ணாம்பு மெல்லிசாக அடித்தால் அடியில் இருக்கும் காவி மேலே தெரியும், அது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது அந்தக் கதையை நம்பத்தான் தோன்றியது.

கிராதியைப் பற்றி ஒரு தச்சர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.


அரியாங்குப்பம்_பட்டறை:

ஐயா கூப்பிட்டதால் வந்தேன். நான் வேல்ஸ் போனதில்லை, ஆனால் பாட்ரிஷோ கிராதியின் படங்களை வைத்துப் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். 1500 வாக்கில் செய்தது, ஓக் மரம்.

முதுநகர் அண்ணா, அது வெறும் தட்டி இல்லை. கீழே பலகை, நடுவில் திறந்த சட்டம், அதற்கு மேலே ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு பரண். பரணின் முகப்பு முழுக்க, கண் கண்ணாகத் துளைத்த பூவேலை. பரணில் பாடுபட்ட சுரூபமும், இரு பக்கமும் மாதாவும் அருளப்பரும் நிற்பார்கள், முன்னால் மெழுகுவர்த்தி எரியும். பரணுக்கு ஏறக் கல் சுவரின் தடிமனுக்குள்ளேயே படி வைப்பது வழக்கம். ஆறாம் எட்வர்ட் காலத்தில் சுரூபங்களை இறக்கினார்கள். 1561இல் முதலாம் எலிசபெத் ராணி, பரணை எடுங்கள், கீழ்த்தட்டி இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். அதனால்தான் பல கோவில்களில் படி மட்டும் சுவருக்குள் ஏறிப்போய், ஒன்றுமில்லாத இடத்தில் திறக்கிறது. பாட்ரிஷோவில் பரணும் தப்பியது.

வேலையைச் சொல்கிறேன். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே இழைப்பார்கள். கழுந்தும் துளையும் பொருத்தி மர ஆணி அடிப்பார்கள், இரும்பு கிடையாது. மரம் காயக் காய மூட்டு இறுகும். பூவேலைப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் சும்மா சொருகியிருப்பார்கள், ஒட்ட மாட்டார்கள். ஈரக்காற்றில் பலகை விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும் அல்லவா? ஐந்நூறு வருஷம் வெடிக்காமல் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உத்தரத்தில் ஒரு கொடி ஓடுகிறது, முனையில் பறவைநாகம் ஒன்று அந்தக் கொடியை வாயில் கவ்வியிருக்கிறது. திராட்சை இலை ஒவ்வொன்றின் நரம்பையும் தனித்தனியாக உளி தொட்டிருக்கிறது. வேல்ஸ் தச்சர்களிடம் எனக்குப் பிடித்தது, ஒரு கண்ணில் போட்ட கோலத்தை அடுத்த கண்ணில் அப்படியே திருப்பிப் போட மாட்டார்கள். மெஷினில் வெட்டித் தருகிற ஜாலியில் ஒரே கோலம்தான் நாற்பது தடவை வரும்.

உங்கள் கோவிலுக்கு அந்த மாதிரி உயரக் கிராதி வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே பீடப்பக்கம் குருவின் பொறுப்பு, ஜனங்கள் நிற்கிற பக்கம் பங்கு மக்களின் பொறுப்பு என்று கோவிலே இரண்டாகப் பிரிந்திருந்தது, கிராதி அந்த எல்லையில் நின்றது. 1960களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நம் கோவில்களில் குரு ஜனங்களைப் பார்த்துப் பூசை வைக்கிறார். நடுவில் தட்டி நின்றால் பின்வரிசைப் பாட்டிக்குப் பீடமே தெரியாது. நம் பழைய கோவில்கள் பலவற்றிலும் நற்கருணை வாங்க முழந்தாளிடும் சின்னக் கிராதி இருந்திருக்கும். பெரும்பாலும் தேக்கு. உங்கள் ஊரில் அது என்ன ஆனது என்று விசாரியுங்கள். கிடைத்தால் பையன்களை அனுப்புங்கள், சரிசெய்யக் கூலி வேண்டாம், மரம் வாங்கித் தந்தால் போதும்.


முதுநகர்வாசி:

அண்ணா, உபதேசியாரைக் கேட்டேன். சாமியார் பூசை உடை மாற்றுகிற சக்கிறிஸ்துவுக்குப் பின்னால் இருக்கிற அறையில், சப்பரம் வைக்கிற இடத்தில், கிராதி இரண்டு துண்டாகக் கிடக்கிறது! தேக்குதான். ஒரு பக்கம் மட்டும் கரையான் பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

நீற்றுச்சுண்ணாம்பு ஐயா, சுவரில் இப்போது நாங்கள் என்ன செய்யலாம்? சனிக்கிழமை பையன்கள் எல்லாரும் வருகிறார்கள், சும்மா இருக்க மாட்டார்கள்.


நீற்றுச்சுண்ணாம்பு:

நல்லது. அவர்களுக்கு வேலை இருக்கிறது.

முதலில் வெளியே. தெருவுக்குக் கான்கிரீட் போட்டுப் போட்டு மண் மட்டம் ஏறியிருக்கும், சுவரை ஒட்டிப் பாருங்கள். வேல்ஸ் கோவில்களிலும் இதே தொல்லைதான். நூற்றாண்டுக் கணக்கில் அடக்கம் செய்து கல்லறைத் தோட்டத்து மண் உயர்ந்து, சுவர் பாதி மண்ணுக்குள் போய்விடும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டித்தான் காப்பாற்றுகிறார்கள். நீங்களும் சுவரை ஒட்டி ஏறியிருக்கும் மண்ணை உள்தரைக்குக் கீழே போகும்வரை எடுத்து, மழைத்தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். அஸ்திவாரம் தெரிகிற அளவுக்குத் தோண்ட வேண்டாம்.

உள்ளே, அந்தச் சிமெண்ட் பட்டையை மட்டும் எடுக்க வேண்டும். சுத்தியலை ஓங்கி அடித்தால் செங்கல் முகப்பும் சேர்ந்து வரும். சின்ன உளி, சாய்வாக, விளிம்பிலிருந்து. ஒரு சதுர அடி எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள், மீதியை என் ஆட்கள் வந்து எடுக்கட்டும். எடுத்த பிறகு ஒரு மாசமாவது சுவர் காய வேண்டும். உப்பைப் பிரஷால் தட்டி வாருங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அப்புறம் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறின தண்ணீர், கொஞ்சம் வெல்லம். ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சு இறுகிவிட வேண்டும், அதனால் நாளைத் தள்ளாதீர்கள்.

மேல்பூச்சு தட்டிப் பார்த்துக் கெட்டியாக இருக்கிற இடத்தில் கை வைக்காதீர்கள். ஆனால் ஒரு பரிசோதனை செய்யலாம். பீடத்துக்குப் பின்சுவர், ஜன்னல் உள்சரிவு, கதவு நிலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, இந்த நாலு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிளேடால் படிப்படியாகச் சுரண்டச் சொல்லுங்கள். மேல் பெயிண்ட் ஒரு படி, அதற்குக் கீழே டிஸ்டம்பர் ஒரு படி, அப்புறம் வெள்ளை, நீலம், காவி என்று எது வந்தாலும் அந்த நிறத்திலேயே ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரக்காரனிடம் பிளேடைக் கொடுக்காதீர்கள். கிராதிக்காக அடம்பிடித்தானே, அந்தப் பையனிடம் கொடுங்கள், அவனுக்குத்தான் ஆசை இருக்கிறது. நம் பக்கத்துக் கோவில்களில் பீடத்தைச் சுற்றிக் காவிக் கரை, நீலத்தில் நட்சத்திரம், மாதாவின் பெயரெழுத்து என்று நிறைய எழுதினார்கள். கோடு மாதிரி ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். உதிர்கிற பழைய பூச்சை இடம் வாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள். மணல் எந்த நிறம், எவ்வளவு பொடிசு என்று பார்த்துத்தான் புதுச் சாந்து கலக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்த பிறகு நான் பஸ்ஸில் வந்து பார்க்கிறேன்.